வரேன் என்று சொன்னவர்கள்

எங்கள் ஆபீசில் ஒரு படிவம் இருக்கிறது. எடுத்த வேலை பாதியில் நின்றுபோனால் அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ‘நின்றதற்குக் காரணம்’ என்ற இடத்தில் ஆறு காரணங்கள் அச்சாகியிருக்கும், ஒன்றில் டிக் அடித்தால் போதும். நான் எப்போதும் அடிப்பது ‘பயனர் ஒத்துழைப்பு இல்லை’ என்பதைத்தான். நாகரிகமாக எழுதியிருக்கிறார்களே தவிர, வாங்கியவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை, நம்மேல் தப்பில்லை என்பதுதான் அதன் பொருள். ஒரே ஒருமுறை மட்டும் ‘மற்றவை’ என்பதில் டிக் அடித்து, பக்கத்துக் கோட்டில் ஒரு சொல் எழுதினேன். ‘வரேன்.’

என் மேனேஜர் மராட்டிக்காரர். இதற்கு என்ன அர்த்தம் என்று ஹிந்தியில் கேட்டார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வருகிறேன் என்று அர்த்தம், ஆனால் போகும்போதுதான் சொல்வோம் என்றேன். எனக்கு ஓய்வு தேவை என்று அவர் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

நான் வேலை பார்ப்பது வாஷியில். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் போய், அவர்களுடைய வாடிக்கையாளர்களைப் பற்றிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, யாரை எப்போது கூப்பிட வேண்டும், யார் வாங்குவார், யார் வாங்க மாட்டார் என்பதை அதுவே சொல்லும்படி சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பது என் வேலை. சி.ஆர்.எம். என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுவார்கள். தமிழில் சொன்னால் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை. ‘உறவை மேலாண்மை பண்றேன்’ என்று சொன்னால் எல்லோருமே சிரிப்பார்கள். அப்பாவிடம் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குக் காது கேட்கவில்லை.

அப்பா செம்பூரில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா இருந்தபோதே அவருக்குக் காது மந்தமாகி, மாதுங்காவில் ஒரு காது மெஷின் கடைக்கு அம்மாதான் அழைத்துப் போய் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். நான் கூடப் போகவில்லை, அன்றைக்கு ஆபீசில் ஏதோ மீட்டிங். அந்தக் கடையின் முதலாளி அம்மாவின் காரியத்துக்கு வந்திருந்தார். துக்கம் விசாரித்த கையோடு என் வேலையையும் விசாரித்தார். போன வருடம் அவரே போன் செய்து, தன் கடைக்கும் அந்தச் சாஃப்ட்வேர் வேண்டும் என்றார்.

அவருக்கு மாதுங்காவில் ஒரு கடை, செம்பூரிலும் வாஷியிலும் ஒவ்வொரு கிளை. நல்ல மனிதர். அறுபது வயதில் புதிதாக எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற பரபரப்பு அவருக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

“பாருங்கோ, இது ஓட ஆரம்பிச்சுட்டா மாதுங்கா கவுண்டர்ல அந்தம்மா தேவைப்பட மாட்டா. போன் எல்லாம் வாஷியிலேர்ந்தே பண்ணிக்கலாம். இப்பவே சொல்லிடாதீங்கோ, மனசு ஒடைஞ்சுடுவா.”

நான் தலையாட்டினேன். இந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. நான் போகிற இடமெல்லாம் யாராவது ஒருவரைப் பற்றி யாராவது ஒருவர் கதவைச் சாத்திவிட்டு இப்படிச் சொல்லத்தான் செய்கிறார்கள்.

கவுண்டரில் இருந்தவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள். தாராவியில் வீடு, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தினமும் நடந்தே வருவாள். காது கேளாதவர்களிடம் எல்லோரும் கத்துவோம். அவள் கத்த மாட்டாள். கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, அவர்களுக்கு நேரே நின்று, முகம் தெரியும்படி நிதானமாகப் பேசுவாள். காரணம் கேட்டேன்.

“கத்துனா நாம கோவப்படுதோம்னு நெனச்சிக்கிடுவாவ மேடம். காது கேக்கலன்னாலும் மூஞ்சி தெரியும்லா” என்றாள்.

அவள் அந்தக் கடையில் பதினாலு வருடமாக இருக்கிறாள். முனிசிபல் பள்ளியில் ஏழாவது வரை தமிழில் படித்தவள். கம்ப்யூட்டரைக் கண்டால் பயப்படுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று ஒரு துண்டுத்தாளில் தமிழில் எழுதி, கீபோர்டுக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டாள்.

தப்பு நடந்தது நாலாம் நாள். அதைச் செய்தது நான்தான். ஆண்டாப் ஹில்லிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மெஷினைக் காதில் வைத்துப் பார்த்தார், கண் விரிந்தது, விலை கேட்டார், கழற்றிக் கொடுத்தார், வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அவள் கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதும் இடத்தில் டைப் செய்ததைப் பார்த்தேன். ‘வாங்க மாட்டாவ. மகன்ட்ட கேக்க வெக்கம். ஒரு மாசம் கழிச்சி மகன்ட்ட நாமளே பேசணும்.’

“இதெல்லாம் உங்க யூகம்மா. கஸ்டமர் என்ன சொன்னார்?” என்றேன்.

“வாரேன்னு சொன்னாவ.”

“அப்ப அதை மட்டும் போடுங்க. அவங்க சொன்னதைச் சொன்னபடியே போடணும். உங்க மனசுல தோணுறது கம்ப்யூட்டருக்கு வேண்டாம்.”

எங்கள் சாஃப்ட்வேரில் கஸ்டமர் கடையை விட்டுப் போகும்போது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கினார், ‘வில் கம்’, ‘நாட் இன்ட்ரெஸ்டட்’. அவள் எழுதியதை அழித்துவிட்டு ‘வில் கம்’ என்பதை அழுத்தினாள். நன்றாகப் பாடம் எடுத்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் என்னை நானே நாலு வார்த்தை கேட்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் நான் கிளம்பும்போது அவள் கேட்டாள். “இத நல்லாப் படிச்சிக்கிட்டா எனக்கு வேல இருக்கும்லா மேடம்? எங்க வீட்டுக்காரருக்குத் தோல் வேல சரியா இல்ல. எஞ் சம்பளத்துலதான் வீடு ஓடுது. பிள்ள காலேஜிக்குப் போவுது.”

“இருக்கும்” என்றேன். முகத்தை நேரே பார்த்துச் சொல்லவில்லை, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

இரண்டு மாதத்தில் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. மாதுங்கா கடைக்கு வந்து வாங்காமல் போனவர்களில் ஏறக்குறைய அத்தனை பேரும் ‘வில் கம்’. ‘நாட் இன்ட்ரெஸ்டட்’ ஒருவர்கூட இல்லை. எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் எனக்கு ஆபீசில் கைதட்டல் கிடைத்தது. முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் ஒரு ஹால் எடுத்து, இலவசக் காது பரிசோதனை முகாம் வைத்தார். வாஷியிலிருந்து இரண்டு பெண்கள் பட்டியலில் இருந்த எல்லோரையும் போனில் கூப்பிட்டார்கள். எல்லோரும் வரேன் என்றார்கள். பழைய வாடிக்கையாளர்களையும் கூப்பிட்டார்கள். அவர்களும் சரி சரி என்றார்கள். காது கேளாதவர்களைப் போனில் கூப்பிட்டுப் பதில் வாங்கிய எங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி யாருக்கும் உறைக்கவில்லை.

அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் பக்கத்துக் கல்யாண ஹால் என்று நினைத்து வந்தவர்கள். காபி குடித்துவிட்டு, வரேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி போன் செய்தார். குரலில் கோபத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. “அந்தம்மா பொய் பொய்யா எண்ட்ரி போட்டிருக்கா. பதினாலு வருஷம் நம்பினேன். இந்த மாசத்தோட நிறுத்திடறேன். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுங்கோ.”

ரிப்போர்ட் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. ‘பயனர் ஒத்துழைப்பு இல்லை’ என்று முதல் வரியை ரயிலிலேயே எழுதிவிட்டேன். மீதிக்கு இரண்டு உதாரணம் வேண்டியிருந்தது. அதை எடுக்கத்தான் அன்றைக்குக் கவுண்டரில் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கஸ்டமர் யாராவது வந்தால் அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன்.

பதினொரு மணிக்கு மாஹிமிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கணவருக்குத்தான் காது. மெஷினைப் போட்டதும் மனைவி பேசியதைக் கேட்டு, ‘இவ்வளவு சத்தமாவா பேசுவே’ என்றார். எல்லோரும் சிரித்தோம். கழற்றி வைத்தார்கள். “வரேன்மா” என்று இரண்டு பேரும் கைகூப்பிவிட்டுப் போனார்கள். அவள் ‘வில் கம்’ என்பதை அழுத்தினாள்.

“இவங்க வருவாங்களா?” என்று கேட்டேன்.

“வர மாட்டாவ மேடம்.”

“தெரிஞ்சேதான் அழுத்தினீங்களா?”

அவளுக்கு என் கோபம் புரியவே இல்லை. “நீங்கதான சொன்னிய, சொன்னதச் சொன்னபடியே போடணும்னு. வாரேன்னுதான சொன்னாவ? கடையவிட்டுக் கெளம்பும்போது போறேன்னு யாராச்சும் சொல்லுவாவளா?”

வாசலில் நின்று போறேன் என்று சொன்னதற்காக அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கி வளர்ந்தவள் நான். ‘போயிட்டு வரேன்னு சொல்லு’ என்று என்னைத் திரும்ப உள்ளே அழைத்து, சொல்ல வைத்து அனுப்புவாள். அந்த வீட்டில் பிறந்தவள்தான், விடைபெறுகிற ஒரு சொல்லை எடுத்து விற்பனைக் கணிப்பில் போட்டிருக்கிறேன்.

“சரி, ‘நாட் இன்ட்ரெஸ்டட்’ போட்டிருக்கலாமே?”

“ஆச இல்லன்னு யாருமே சொல்லலியே மேடம். காது கேக்கணும்னு எல்லாத்துக்கும் ஆசதான்.”

பிறகு, யார் நிஜமாகவே வருவார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்பெல்லாம் நோட்டில் எழுதி வைப்பாள் என்று தெரியும். சாஃப்ட்வேர் வந்த அன்று அதை உள்ளே வைக்கச் சொன்னதும் நான்தான்.

“இப்பமும் எழுதுதேன்” என்றாள், பிடிபட்ட குரலில். “கம்ப்யூட்டருக்கு வேண்டாம்னுதான சொன்னிய. நோட்டுக்கு வேண்டாம்னு சொல்லலியே.”

காட்டுங்கள் என்றேன். அவள் இழுப்பறையின் மேல் கை வைத்துக்கொண்டு, “அது வேண்டாம் மேடம்” என்றாள். எனக்கு முன்கோபம் அதிகம். உங்களைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன், முதலாளி உங்களை நிறுத்தப் போகிறார், தெரியுமா என்று கொட்டிவிட்டேன். இரண்டு மாதமாக மறைத்து வைத்ததை அப்படிக் கோபத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சட்டென்று சின்னதாகிவிட்டது. இழுப்பறையைத் திறந்து நீல அட்டை போட்ட நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, மெஷின் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நோட்டில் யாருக்கும் பெயர் இல்லை. ஆண்டாப் ஹில் தாத்தா, ரெண்டு மூக்குத்தி மாமி, கண்டக்டர் அண்ணாச்சி என்று இப்படித்தான். ஒவ்வொருவருக்கும் கீழே இரண்டு மூன்று வரி. ‘எடது காது. மருமகட்ட மட்டும் சொல்லணும், மகன் மறந்துருவாவ.’ ‘வாட்ச்மேனுக்குப் போன் போட்டா மாடிக்குப் போயி சொல்லுவாரு.’ ‘வாரேன்னு ரெண்டு தடவ சொன்னா வருவாவ. ஒரு தடவ சொன்னா இல்ல.’ இந்த வரியைப் படித்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

‘செம்பூர் சார். வலது காது. வீட்டம்மா போனப்புறம் மெசின் போடுறதில்ல. யாரு பேசுதத கேக்கணும்னு சொல்லுதாவ. போன் போட்டா சரி சரிம்பாவ, ஒண்ணும் கேக்கல. நேர்ல போவணும். மாசம் ஒரு சனிக்கெழம. மகள் வாசியில. வாரேன்னு சொல்லும். வராது. கேக்கக் கூடாது.’

மூன்று தடவை படித்தேன். செம்பூரில் காது கேட்காத சார்கள் நூறு பேர் இருக்கலாம். ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பாவுக்குப் போன் செய்வேன். எப்படி இருக்கே, சாப்பிட்டியா, அடுத்த வாரம் வரேன்ப்பா. அவர் சரி சரி என்பார். அவ்வளவுதான். வாஷியிலிருந்து மாதுங்காவுக்கு வர வேண்டுமென்றால் செம்பூர் ஸ்டேஷனைத் தாண்டித்தான் வர வேண்டும், குர்லாவில் மாற வேண்டும். இரண்டு மாதமாகத் தினமும் இருமுறை அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறேன். இறங்கியது கிடையாது. நான் பேசுவது எதுவும் அவர் காதில் விழவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

“என்னைத் தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“மொத நாளே தெரியும்லா. செம்பூர் கடைக்குப் பேட்டரி செல்லு குடுக்கப் போவும்போது ஒங்க அப்பா வீட்டுக்கும் போயி மெசினத் தொடச்சிக் குடுத்துட்டு வருவேன். ஒங்க போட்டோவ காமிப்பாவ.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“அதாம் எழுதியிருக்கேனே, கேக்கக் கூடாதுன்னு” என்றாள். துணியை மடித்து வைத்தாள். “வேல அப்பிடி. நீங்க என்ன செய்விய.”

எனக்கு அழுகை வந்தது. கவுண்டரில் ஆள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

மத்தியானம் முதலாளியின் அறைக்கு நோட்டோடு போனேன். ‘பயனர் ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவள் பொய் எழுதவில்லை, நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள், அதுதான் பிரச்சினை என்றேன். வரேன் என்ற சொல்லின் கதையைச் சொன்னேன். அவர் பாதி நம்பினார். “அப்ப யார் வருவா, யார் வர மாட்டான்னு இவளுக்கு நிஜமாவே தெரியும்கறேளா? நிரூபணம்?” என்றார்.

நோட்டில் எத்தனையோ பக்கம் இருந்தது. ஆண்டாப் ஹில் தாத்தாவைக் காட்டியிருக்கலாம். ஆனால் அது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. சரி என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய பக்கம் ஒன்றுதான் இருந்தது. முதலில் கம்ப்யூட்டரில் அப்பாவின் விவரத்தைத் திறந்து காட்டினேன். ‘திருப்தி. முகாமுக்கு வருவார்.’ அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்று அப்பாவுக்காகப் போட்டது. பிறகு நோட்டைப் பிரித்துச் செம்பூர் சாரைச் சத்தமாக வாசித்தேன். ‘வராது’ என்ற இடத்திலும் நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தேன்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்பா மெஷினே போட்டுக்கறதில்லையா?”

“தெரியாது சார். இதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும்.”

அவர் நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். அவர் தமிழ் வாசிப்பது கொஞ்சம் தடுமாறும், விரலை வைத்து மெதுவாக வாசித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு, “இதெல்லாம் உங்க சாஃப்ட்வேர்ல எங்க வரும்?” என்று கேட்டார்.

“இடம் இருந்தது சார். நான்தான் அழிக்கச் சொன்னேன்.”

“அப்ப அதை எடுத்துண்டு போயிடுங்கோ. பில் போடறதுக்கு மட்டும் ஏதாவது விட்டுட்டுப் போங்கோ. அந்தம்மா இருக்கட்டும்.”

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். அவள் முதலில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம், “ஒங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா யக்கா?” என்றாள். மேடம் போய் அக்கா வந்ததை அப்போது கவனிக்கவில்லை. வராது என்றேன். இந்தமுறையும் அது பொய்தான், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை, அதுவும் தெரிந்தது.

அன்றைக்குச் செம்பூரில் இறங்கினேன். அப்பா கதவைத் திறந்து, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். மெஷின் அம்மா போட்டோவுக்குக் கீழே ஒரு டப்பாவில், துடைத்துச் சுத்தமாக இருந்தது. எடுத்து அவர் வலது காதில் பொருத்தினேன். அவள் செய்வதுபோல நேரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி, கத்தாமல் பேசினேன். ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். என் குரல் அம்மா குரல் மாதிரி ஆகிவிட்டது என்றார். காபி போட்டுக் கொடுத்தேன். அந்த நோட்டில் இருந்ததைச் சொல்லவில்லை, என் வேலைக் கதையைச் சொன்னேன். உறவை மேலாண்மை பண்றேன் என்று மறுபடியும் சொன்னேன். இந்தமுறை சிரித்தார்.

ஏழு மணியானது. பையை எடுத்துக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டும்போது வாய் தானாகச் சொன்னது. “வரேன்ப்பா.”

வழக்கமாகச் சரி சரி என்பவர், கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மெஷின் காதில் இருந்தது.

“எப்போ?” என்றார்.

ஒரு காலில் செருப்போடு நின்றேன். இத்தனை நாளும் அவர் இதைக் கேட்காததற்குக் காரணம், நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை என்பதுதான். செருப்பைக் கழற்றினேன். வாஷியில் என் வீட்டுக்குப் போன் செய்து, நாளைக்குக் காலையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அப்பாவுக்கு நேரே உட்கார்ந்தேன்.